கம்ப்ரஷன் குறைந்தால் என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

பழைய கார்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்ரஷன் பற்றியவை; அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்பது பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் பழைய காரில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் நான்கு சிலிண்டரிலும் வரிசையாக 95, 90, 86, 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). இரண்டு நாள் கழித்து, பேட்டரியை சார்ஜ் செய்துவிட்டுப் பார்த்தால் 125, 122, 120, 121. எதை நம்புவது?

பதில்: இரண்டாவதை நம்புங்கள். முதல் நாள் எண்களைக் கவனியுங்கள். ஒன்றாம் சிலிண்டரில் தொடங்கி நான்காவது வரை படிப்படியாக இறங்குகின்றன. தேய்மானம் இப்படி வரிசை பார்த்து வராது. நீங்கள் சோதிக்கச் சோதிக்க பேட்டரி சோர்ந்து, செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாக ஏறும் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் காற்றுக்கு, பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங்குகளின் இடைவெளி வழியாகக் கசிய அதிக நேரம் கிடைக்கிறது. அதனால் எண் குறைகிறது.

சோதனையைச் செய்யும் முறை இதுதான். என்ஜினை 15–20 நிமிடம் ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து விலக்குங்கள். பிளக்கைக் கழற்றும்போது ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பான சீட்டில் சிக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். சோதிக்கும் சிலிண்டரின் பிளக்கை மட்டும் கழற்றினால் மற்ற சிலிண்டர்களின் அழுத்தத்தையும் சேர்த்து செல்ஃப் தள்ள வேண்டியிருக்கும், வேகம் வராது. காயிலுக்குப் போகும் சிறிய வயரைக் கழற்றி இக்னிஷனை முடக்குங்கள். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும். அருகில் தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது.

பலரும் கோட்டைவிடுவது அடுத்த படியில்தான். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடிக்க ஒருவர் இருக்க வேண்டும், சோக் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரோடு திறக்கும் காற்று மடலான திராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்றே போகாது. நல்ல என்ஜினும் தேய்ந்துபோனது போலக் காட்டும். எஸ்.யூ. வகைக் கார்பரேட்டர் என்றால் அதன் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனையும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் முள் 6 முறை துள்ளும் வரை சுற்றுங்கள். ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 9 என்று மாறக் கூடாது. இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் துள்ளலில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு. நல்ல சிலிண்டர் முதல் துள்ளலிலேயே பாதிக்கு மேல் ஏறி, நாலைந்தில் நின்றுவிடும். முதலில் குறைவாக இருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். முதலிலும் குறைவு, பிறகும் ஏற மறுக்கிறது என்றால் வால்வு பக்கம்.

கேஜ் வாங்கும்போது பிளக் துளையில் திருகும் வகையாகப் பாருங்கள். ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் வகையில் கை தளர்ந்தால் எண் குறையும். காற்றைத் திரும்ப விடாத குட்டி வால்வு, ஹோஸின் என்ஜின் பக்க முனையில் இருக்க வேண்டும். கேஜ் பக்கத்தில் இருந்தால் ஹோஸின் உள் கொள்ளளவும் எரியறையோடு சேர்ந்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். பழைய வண்டிகளில் 14 மி.மீ. பிளக்கும் உண்டு, 18 மி.மீ. பிளக்கும் உண்டு. திருகும் முனை உங்கள் பிளக்கைவிட நீளமாக இருந்தால் வால்வையோ பிஸ்டனையோ இடிக்கும். பிளக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

அளந்தபின் மிகக் குறைந்த எண், மிக உயர்ந்த எண்ணில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: 948 சி.சி. மாரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். கம்ப்ரஷன் 128, 72, 70, 125. ஆயில் விட்டுச் சோதித்தாலும் நடு இரண்டும் ஏறவில்லை. ரீபோர் செய்யச் சொல்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரே தண்ணீரில் குளிர்ந்து, ஒரே ஆயிலில் ஓடிய நான்கு சிலிண்டர்களில் இரண்டு மட்டும் ரீபோர், அதாவது சிலிண்டரையே பெரிதாகக் கடையும் அளவுக்குத் தேய்வது அபூர்வம். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அது ரிங் இடைவெளியை அடைக்கும்; கசிவு ரிங்கில் என்றால் எண் ஏறும். ஆயில் விட்டும் ஏறாததால் ரிங் குற்றவாளி அல்ல என்பது பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தால் முதல் சந்தேகம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் ஹெட் காஸ்கெட், அவற்றுக்கு நடுவே உள்ள இடத்தில் போயிருப்பதுதான். ஒன்றில் ஏறும் அழுத்தம் மற்றதற்குத் தாவுகிறது.

ஆனால் உங்கள் என்ஜினில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. மாரிஸ் மைனரில் உள்ள ஏ-சீரிஸ் என்ற வகை என்ஜினின் ஹெட்டில் 2, 3 ஆகிய இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் புகையும் நடுவிலுள்ள ஒரே துளை வழியாக வெளியேறுகிறது. அந்த இடம் மற்றதைவிடச் சூடு கூடியது. அங்கே இருக்கும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் சேர்ந்தே கருகுவதும் உண்டு. கேஜ் மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. காற்றடித்துக் கேட்க வேண்டும்.

இரண்டாம் சிலிண்டரின் பிஸ்டனை, கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் இரண்டாம் பிளக் வயரைப் பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். பிளக் துளையில் அடாப்டர் மாட்டி, கம்ப்ரஸரிலிருந்து 60–80 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுங்கள். பிஸ்டன் துல்லியமாக உச்சியில் இல்லாவிட்டால் காற்று அதைத் தள்ளி என்ஜினையே சுற்றிவிடும். ஆகவே ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் அருகே கை வைக்காதீர்கள், வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள்.

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து மூன்றாம் பிளக் துளையில் காற்று வந்தால் காஸ்கெட். அந்தத் துளைமேல் மெல்லிய காகிதத்தை வைத்தால் அது பறப்பதிலேயே தெரிந்துவிடும். சைலன்சர் குழாயில் இரைச்சல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே பலமாக வருகிறது என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் காஸ்கெட் தண்ணீர் வழிப் பக்கம் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். ஆயில் மூடியில் லேசான உஸ்ஸென்ற ஒலி நல்ல என்ஜினிலும் வரும்; ரிங் எப்போதும் கொஞ்சம் கசியவே செய்யும்.

கசிவை சதவீதத்தில் காட்டும் இரட்டை கேஜ் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. 10 சதவீதத்துக்குள் என்றால் அருமை. பழைய என்ஜினுக்கு 20 வரை பரவாயில்லை. 30-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

காஸ்கெட் என்று உறுதியானால் ஹெட்டை இறக்கியதும் புதியதைப் போட்டு மூடிவிடாதீர்கள். நேரான ஸ்டீல் அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். மொத்த நீளத்தில் 0.1 மி.மீ. இலை நுழைந்தால் ஹெட்டைச் சமதளமாகச் சீவ வேண்டும். பிளாக்கின் முகத்தையும், முக்கியமாக 2-க்கும் 3-க்கும் நடுவே உள்ள குறுகிய பாலத்தையும் அதேபோலப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை காஸ்கெட் மாற்றினாலும் அதே இடத்தில் ஊதும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக 40 பவுண்டு-அடி வரை இறுக்குங்கள். சில நூறு கி.மீ. ஓடியபின் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மறுபடி இறுக்கிவிட்டு, டேப்பட் இடைவெளியையும் (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். ஹெட் இறங்கிய அளவுக்கு அந்த இடைவெளி குறைந்திருக்கும்.

கேள்வி: 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ. நான்கு சிலிண்டரிலும் 60 பி.எஸ்.ஐ. சுற்றித்தான் வருகிறது. என்ஜின் முடிந்துவிட்டதா?

பதில்: இல்லை, நன்றாக இருக்கிறது. அந்த என்ஜினின் கம்ப்ரஷன் விகிதமே 4.22-க்கு 1 தான். 8-க்கு 1 என்ற விகிதமுள்ள பிற்கால என்ஜினின் 130-ஐ அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. இது சைடு வால்வு என்ஜின்; வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த வகையில் பல என்ஜின்களில் பிளக் துளை வழியாக நேராக விடும் ஆயில் பிஸ்டன்மேல் போகாமல் வால்வுமேல் விழும். அது கசியும் வால்வைத் தற்காலிகமாக அடைத்துவிடும், நீங்களோ ரிங் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். நுனி வளைந்த ஆயில் கேனால் சிலிண்டர் பக்கம் பார்த்து விடுங்கள்.

கேள்வி: ஹெட் வேலை செய்து இரண்டு வருடம்தான் ஆகிறது. திடீரென்று ஒரு சிலிண்டர் 35-க்கு இறங்கிவிட்டது. ஐடிலிங்கில் மிஸ் அடிக்கிறது, வேகமெடுத்தால் ஓரளவு சரியாகிறது. ஆயில் விட்டும் மாற்றமில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் குணம் கசியும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அப்படியே பொருந்துகிறது. வேகம் கூடினால் கசிய நேரம் குறைவு. அதனால்தான் மேலே போனதும் சரியானது போலத் தெரிகிறது. ஆனால் ஹெட்டைத் தொடுமுன் ராக்கர் கவரைத் திறந்து டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். பத்து நிமிட வேலை இது. ஆனாலும் பலர் இதைச் செய்யாமலே ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

இடைவெளி துளியும் இல்லையென்றால் வால்வு முழுவதும் மூடவே மூடாது. உங்கள் என்ஜினுக்குக் கையேட்டில் சொன்ன அளவைப் பாருங்கள். குளிர்ந்த நிலையிலா, சூட்டிலா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏ-சீரிஸ் போன்றவற்றுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. வரிசையாக எட்டு வால்வுகள் உள்ள இந்த வகை நான்கு சிலிண்டர் என்ஜின்களில் "கூட்டினால் ஒன்பது" கணக்கு கைகொடுக்கும்: 8-ஆம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கும்போது 3-ஐ. இடைவெளியைச் சரிசெய்து அரைமணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி கேஜ் வையுங்கள். எண் ஏறிவிட்டால் நல்லது. ஏறாவிட்டால், மூடாமலே ஓடியதில் வால்வின் விளிம்பு ஏற்கெனவே கருகிவிட்டது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கடத்துகிறது. சீட்டைத் தொடாத வால்வுக்குச் சூட்டை இறக்கி வைக்க இடமில்லை.

இரண்டே வருடத்தில் இடைவெளி ஏன் மறைந்தது என்பது அடுத்த கேள்வி. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் பலவற்றுக்குத் தனி சீட் வளையம் கிடையாது. ஹெட்டிலேயே சீட்டைக் கடைந்திருப்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், எரிந்த ஈயம் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இரும்பும் இரும்பும் ஒட்டாமல் காத்தது. ஈயமில்லாத பெட்ரோலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதிக வேகத்தில், அதிக பாரத்தில் நெடுநேரம் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அரித்துக்கொண்டு ஹெட்டுக்குள் புதையத் தொடங்கும். வால்வு உள்ளே போகப் போக அதன் தண்டு மேலே எழும்பும், இடைவெளி குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் எட்டு இடைவெளிகளையும் சரிசெய்யும் முன்பு அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் மறுபடி மறுபடி இறுகிக்கொண்டே வந்தால் சீட் புதைகிறது. அதற்குத் தீர்வு கடினமான சீட் வளையம் பதிப்பது. அதைச் செய்யாமல் வால்வை மட்டும் லேப்பிங் செய்தால் (சீட்டோடு தேய்த்துப் பதியவைத்தால்) இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

ஹெட்டைத் திரும்ப ஏற்றுமுன் ஒரு சோதனை. ஹெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்து, பிளக்குகளை மாட்டி, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் எந்தத் துளை நனைகிறதோ அந்த வால்வு இன்னும் சரியாக உட்காரவில்லை.

கேள்வி: வோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் இந்த ஆயில் சோதனை உதவுமா?

பதில்: நம்ப முடியாது. சிலிண்டர்கள் படுத்திருப்பதால் ஆயில் அடிப்பக்கத்தில் தேங்கிவிடும். ரிங்கின் மேல் பாதியை எட்டாது. நேராகக் காற்றடித்துக் கேளுங்கள். பழைய அமைப்பில் ஆயில் கூலர், மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நிற்கும். அதனால் அந்த எக்ஸாஸ்ட் வால்வை முதலில் சந்தேகியுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடம் ஷெட்டில் நின்ற கார். செல்ஃப் சுற்றுகிறது. இரண்டு சிலிண்டரில் 90, மற்ற இரண்டில் பூஜ்யம்.

பதில்: செல்ஃப் அடிப்பதை உடனே நிறுத்துங்கள். பூஜ்யம் என்பது தேய்மானத்தின் எண் அல்ல. எங்கோ ஒரு கதவு திறந்தே கிடக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அது பெரும்பாலும் துருப்பிடித்துத் திறந்த நிலையில் சிக்கிய வால்வு. செல்ஃப் மறுபடி சுற்றினால் புஷ் ராடு வளையும். சில என்ஜின்களில் பிஸ்டனே வால்வை இடிக்கும்.

ராக்கர் கவரைக் கழற்றி, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, பிளக்குகள் இல்லாமல் கையால் மெல்லச் சுற்றுங்கள். எந்த ராக்கர் ஆர்ம் தளர்ந்து ஆடுகிறதோ அந்த வால்வு மேலே திரும்பவில்லை. அதன் தண்டில் துரு இளக்கும் ஆயிலை விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி விடுவியுங்கள். அப்போது அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் கீழே இருக்கட்டும்.

வால்வுகள் எல்லாம் ஒழுங்காக ஏறி இறங்கியும் எண் குறைவாக இருந்தால் ரிங்குகள் அதன் காடியில் ஒட்டியிருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 30 மி.லி. விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், பெயின்ட்டையும் அரிக்கும். பிறகு பிளக் துளைகள்மேல் துணி போட்டுவிட்டுக் கையால் சுற்றி மிச்சத்தை வெளியேற்றுங்கள். உள்ளே திரவம் நிற்க பிளக்கை மாட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். கலவையில் பாதி கீழே ஆயிலோடு கலந்திருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 200–300 கி.மீ. மிதமாக ஓட்டிய பிறகு அளக்கும் எண்தான் அந்த என்ஜினின் உண்மை நிலை.

கேள்வி: மூன்று சிலிண்டரில் 125, ஒன்றில் மட்டும் 160. அது நல்லதுதானே?

பதில்: இல்லை. எரியறையில் கரி படிந்து இடம் குறைந்திருக்கிறது, அல்லது ஆயில் ஏறி நிற்கிறது. அந்த பிளக் ஆயிலில் நனைந்திருந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடைப் பாருங்கள். கரி என்றால் ஹெட்டை இறக்கிச் சுரண்டி எடுப்பதே சரி. சூடேறிய கரித்துண்டு பிளக்குக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனைத் துளைக்கும்.

கேள்வி: கேஜ் இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஸ்டார்ட்டிங் ஹேண்டில் உள்ள வண்டி என்றால், இக்னிஷனை அணைத்துவிட்டு மெல்லச் சுற்றுங்கள். நான்கு முறை சமமான எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும்; ஒன்று வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் விரல் உடையாமல் தப்பும்.

வேக்யூம் கேஜ் கிடைத்தால் இன்லெட் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) அசையாமல் நிற்க வேண்டும். சீரான இடைவெளியில் ஒவ்வொரு முறையும் துடித்துக் கீழே விழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை.

கேள்வி: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, ரீபோர் வேண்டுமா? கம்ப்ரஷன் 85 சுற்றி நான்கிலும். ஆயில் விட்டால் 115.

பதில்: அதைச் சொல்ல வேண்டியது கம்ப்ரஷன் கேஜ் அல்ல, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ். ஹெட்டை இறக்கி, சிலிண்டரின் உச்சியிலிருந்து சுமார் 10 மி.மீ. கீழே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிராங்க் வாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் என்றால் ஹோனிங் செய்து (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்து) புது ரிங் போடலாம். 0.2-ஐத் தொட்டால் ரீபோர்தான். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள குழாயில் ரிங் ஒவ்வொரு சுற்றுக்கும் விரிந்து சுருங்கிச் சீக்கிரம் உடைந்துபோகும்.

ரிங் மட்டும் மாற்றுவதென்றால் மேல் ரிங் எட்டாததால் உச்சியில் தேயாமல் நின்று விரல் தடுக்கும் வரப்பை முதலில் சீவ வேண்டும். இல்லையென்றால் புது ரிங்கின் கூர்மையான மேல் விளிம்பு முதல் சுற்றிலேயே அதில் இடிக்கும். ஒவ்வொரு ரிங்கையும் தனியாகச் சிலிண்டரின் அடிப்பகுதியில், தேயாத இடத்தில், பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போர் விட்டம் அங்குலத்துக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு, 75 மி.மீ. போருக்கு 0.23 முதல் 0.30 மி.மீ. குறைந்தால் அரத்தால் ராவலாம். துளியும் இடைவெளி விடாமல் போட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிச் சிலிண்டரைக் கீறிவிடும்.

வேலை முடிந்த அன்றே கேஜ் வைத்துப் பார்த்து எண் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். புது ரிங் சுவரோடு பதிய நேரமெடுக்கும். 800 கி.மீ. ஓட்டியபின் சூடான என்ஜினில், திராட்டிலை முழுவதும் திறந்து மறுபடி அளந்து, முதல் துள்ளல், கடைசித் துள்ளல் இரண்டையும் எழுதியனுப்புங்கள்.